கதைகளில் வரும் சிறப்புக் குழந்தை யாருடைய கற்பனை?

வாசகர் ஒருவரின் கேள்வி, 2 பிப்ரவரி

"ஆற்றில் விடப்பட்ட குழந்தை, சிறையில் பிறந்த குழந்தை, பழத்துக்குள்ளிருந்து வந்த குழந்தை எல்லாமே ஒரே கதைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. 'இவங்க என் நிஜமான அப்பா அம்மா இல்லை, நான் ராஜா வீட்டுப் பிள்ளை' என்று எல்லாக் குழந்தைகளும் ஒரு வயதில் நினைத்துக்கொள்ளும். அந்த நினைப்பைத்தான் பெரியவர்களானதும் கதையாக்கி வைத்திருக்கிறோம். வேறு விளக்கம் இருந்தால் சொல்லுங்கள்."

2 பிப்ரவரி, இரவு

இதை 1909லேயே சொல்லிவிட்டார்கள். ஓட்டோ ராங்க் என்பவர் வீரர்களின் பிறப்புக் கதைகளை வரிசையாக அடுக்கி ஒரு புத்தகம் எழுதினார். சர்கோன், மோசே, கர்ணன், ஈடிபஸ், பெர்சியஸ், சைரஸ், ரோமுலஸ் எல்லாரும் அதில் உண்டு. நீங்கள் சொல்லும் அந்த ராஜா வீட்டுக் கற்பனையைப் பற்றி ஃபிராய்டு எழுதிய சிறு கட்டுரையும் முதலில் அந்தப் புத்தகத்துக்குள்தான் வந்தது.

ஆனால் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. சிறுவயதில் நான் என்னைப் பற்றி அப்படி ஒருநாளும் நினைத்ததில்லை. என் தம்பியைப் பற்றி நினைத்தேன். இவன் எங்கள் வீட்டுப் பிள்ளை இல்லை, நிஜத் தம்பியை யாரோ எடுத்துப்போய்விட்டார்கள் என்று. மீதியை நாளை எழுதுகிறேன், தூக்கம் வருகிறது.

3 பிப்ரவரி

தம்பி பேசமாட்டான். இப்போதும் பேசமாட்டான். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது கிரிம் சகோதரர்கள் தொகுத்த ஒரு குட்டிக் கதையைப் படித்தேன். குள்ளர்கள் தொட்டிலிலிருந்து ஒரு தாயின் குழந்தையைத் திருடிவிட்டு, பெரிய தலையும் வெறித்த கண்களுமாக வேறு ஒன்றைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். அது தின்னும், குடிக்கும், வேறொன்றும் செய்யாது. பக்கத்து வீட்டுக்காரி ஒரு வழி சொல்கிறாள்: அதை அடுப்பங்கரையில் உட்காரவைத்து, அது பார்க்க இரண்டு முட்டை ஓட்டில் தண்ணீர் கொதிக்கவை, சிரித்துவிடும், சிரித்தால் காரியம் முடிந்தது. தாயும் அப்படியே செய்கிறாள். அது வாயைத் திறந்து, "நான் காட்டு மலை அளவுக்குக் கிழவன், முட்டை ஓட்டில் சமைப்பதை இதுவரை பார்த்ததில்லை" என்று சொல்லிச் சிரிக்கிறது. உடனே குள்ளர்கள் நிஜக் குழந்தையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு இதைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

அடுத்து நான் என்ன செய்திருப்பேன் என்று ஊகித்திருப்பீர்கள். வீட்டில் பெரியவர்கள் இல்லாத ஒரு மதியம், முட்டை ஓடு இரண்டு, தண்ணீர், அடுப்பு. தம்பியை எதிரில் உட்காரவைத்தேன். முதல் ஓடு சூடு தாங்காமல் 'டிக்' என்று விரிந்தது. அவன் முகம் மலர்ந்த மாதிரி அதற்குமுன் நான் பார்த்ததில்லை. இரண்டாவது ஓட்டை எடுத்துக் காதருகே வைத்துக் கையால் நொறுக்கினான். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய் முட்டைக் கூடையின்மேல் வைத்தான். இன்னும் வேண்டுமாம்.

சிரித்தான். பேசவில்லை. குள்ளர்களும் வரவில்லை. நான்கு முட்டை வீணானதற்கு அடி எனக்குத்தான்.

3 பிப்ரவரி, பின்குறிப்பு

"சுவாரசியமான நாட்டார் நம்பிக்கை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவ்வளவு லேசாக விட்டுவிட வேண்டாம். அயர்லாந்தில் 1826இல், நிற்கவோ நடக்கவோ பேசவோ முடியாத ஒரு சின்னப் பையனை, அவனுக்குள் இருக்கும் குள்ளத் தேவதையை விரட்டுவதாக ஃபிளெஸ்க் ஆற்றில் முக்கினார்கள். பையன் இறந்துபோனான். வழக்கு நடந்தது, நடுவர் குழு அவனை ஆற்றில் அமிழ்த்தியவளை விடுதலை செய்தது. மாற்றிவைக்கப்பட்ட பிள்ளை என்கிற கதை யாருடைய கற்பனை என்று கேட்டால், பிள்ளையுடையது இல்லை என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

5 பிப்ரவரி

கண்டிப்பான ஒரு கடிதம்: "கதையில் வரும் அற்புதக் குழந்தை வேறு, இன்று நாம் சிறப்புக் குழந்தை என்று சொல்வது வேறு. ஒரு சொல் பொதுவாக இருப்பதால் இரண்டையும் குழப்புகிறீர்கள்."

குழப்பியது நான் இல்லை, மகாபாரதம். வனபர்வத்தில் வரும் அஷ்டவக்கிரன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கருவில் இருக்கும்போதே அப்பா கஹோடர் வேதம் ஓதுவதில் பிழை கண்டுபிடித்துச் சொல்கிறான். சீடர்கள் முன்னால் மானம் போன அப்பா, எட்டு இடத்தில் கோணலாகப் பிற என்று சபிக்கிறார். பன்னிரண்டு வயதில் ஜனகர் சபைக்குப் போகிறான். சின்னப் பையன் என்று வாசல்காப்பவன் தடுக்கிறான். அவனையும் வாதத்தில் மடக்கி உள்ளே போய், தன் அப்பாவைத் தோற்கடித்து நீரில் மூழ்கடித்த வந்தியை வெல்கிறான். அப்பா மீண்டு வருகிறார். அற்புதமும் கோணலும் ஒரே உடம்பில், ஒரே காரணத்தால் வந்தவை. எங்கே பிரிப்பீர்கள்?

ஆனால் இந்தக் கதையில் என்னை உறுத்தும் இடம் கடைசி. எல்லாம் முடிந்ததும் அப்பா அவனைச் சமங்கா நதியில் குளிக்கச் சொல்கிறார். எழும்போது அங்கங்கள் நேராகிவிடுகின்றன. அவன் கேட்டானா? வாதத்தில் வென்றது அந்த உடம்போடுதானே.

5 பிப்ரவரி, சற்றுக் கழித்து

வாசல்காப்பவனோடு நடக்கும் வாதம்தான் மொத்தக் கதையிலும் நல்ல பகுதி. வந்தியோடு நடப்பது வெறும் எண்ணிக்கை விளையாட்டு.

8 பிப்ரவரி

இன்னொருவர் ராக்லன் பிரபுவின் பட்டியலை நினைவூட்டியிருக்கிறார். 1936இல் வந்தது. வீரர் கதைகளுக்கு 22 அம்சங்கள். ஒவ்வொரு வீரருக்கும் மதிப்பெண் போடலாம். ஈடிபஸ் ஏறக்குறைய முழு மதிப்பெண் வாங்குவார். நான் கல்லூரியில் படிக்கும்போது தோழிகளின் அண்ணன்மார்களுக்கெல்லாம் போட்டுப் பார்த்தேன். ஒருவரும் தேறவில்லை.

அந்தப் பட்டியலில் ஒன்பதாவது அம்சத்தை யாரும் பேசுவதில்லை. குழந்தையைக் கொல்லப் பார்ப்பார்கள், தப்பிக்கவைத்து எங்கோ வளர்ப்பார்கள். அப்புறம் ஒன்பதாவது: அவருடைய குழந்தைப் பருவத்தைப் பற்றி நமக்கு ஒன்றுமே சொல்லப்படுவதில்லை. அதாவது சிறப்புக் குழந்தைக் கதை என்று நாம் சொல்வதில் குழந்தை கிடையாது. பெட்டியில் மிதக்கும் ஒரு சிசு, பிறகு நேராக வில்லோடு வரும் வாலிபன். நடுவில் யார் எழுந்து பால் கொடுத்தது, யார் துணி மாற்றியது?

கர்ணன் விஷயத்தில் ராதை. பெயராவது மிஞ்சியது, அவனே ராதேயன் என்று சொல்லிக்கொண்டான்.

8 பிப்ரவரி, இரவு

மேலே எழுதியதற்கு ஒரு திருத்தம். கண்ணனை எப்படி மறந்தேன்? அவன் கதையில் குழந்தைப் பருவம்தான் முக்கால்வாசி. ஆனால் அங்கேயும் விளிம்பில் வேறொரு பிள்ளை இருக்கிறது. வசுதேவர் யமுனையைக் கடந்து கண்ணனை வைத்துவிட்டு, அங்கே பிறந்திருந்த பெண் குழந்தையை எடுத்துக்கொண்டு சிறைக்குத் திரும்புகிறார். பிள்ளைப்பேற்றுக் களைப்பில் கிடந்த யசோதைக்குத் தான் பெற்றது ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது என்கிறது பாகவதம். கம்சன் அந்தப் பெண்ணைக் கல்லில் மோதுகிறான். அவள் கைநழுவி வானில் எழுந்து, உன்னைக் கொல்பவன் வேறிடத்தில் பிறந்துவிட்டான் என்று சொல்லி மறைகிறாள்.

ஹெரோடோட்டஸ் சொல்லும் சைரஸ் கதையிலும் இதே மாற்று உண்டு. மந்தை மேய்ப்பவன் மனைவிக்கு அன்றுதான் குழந்தை இறந்து பிறந்திருக்கும். இளவரசனை வைத்துக்கொண்டு, அந்தச் சடலத்தை இளவரசன் என்று காட்டிவிடுவார்கள். அரச மரியாதையோடு புதைக்கப்பட்ட அந்த மேய்ப்பன் பிள்ளைக்குப் பெயர்கூட இல்லை.

சிறப்புக் குழந்தைக்குப் பக்கத்தில் பிறந்தவர்களைப் பற்றி நான் இவ்வளவு கவலைப்படுவது ஏன் என்று கேட்கவேண்டாம். நான் அக்கா.

11 பிப்ரவரி

மூன்று நாளாக மனதில் சுற்றிக்கொண்டிருந்ததை எழுதிவிடுகிறேன்.

பிள்ளைத்தமிழின் பருவங்களைப் பள்ளியில் எல்லாரும் மனப்பாடம் செய்திருப்போம். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி. அதற்குமேல் ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாலுக்கு, குமரகுருபரர் பாடிய மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழில் உள்ளபடி, அம்மானை, நீராடல், ஊசல். பாட்டியல் என்கிற செய்யுள் இலக்கண நூல்களின் கணக்கில் மூன்றாம் மாதம் தொடங்கி இருபத்தொன்றாம் மாதம் வரை. ஐந்தாம் மாதம் ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டிக் கையூன்றித் தலை நிமிர்த்தி ஆடவேண்டும், ஒன்பதாம் மாதம் கைதட்டவேண்டும். இது மருத்துவமனைச் சுவரில் மாட்டியிருக்கும் வளர்ச்சி அட்டவணை இல்லாமல் வேறென்ன?

அம்புலிக்கு வருவோம். பிள்ளைத்தமிழ் பாடுகிற புலவர்களுக்கு அம்புலி புலி என்று சொல்வார்கள். சாமம், தானம், பேதம், தண்டம் நான்கையும் பயன்படுத்தி நிலவை விளையாடக் கூப்பிடவேண்டும், அது கடினம். ஆனால் குழந்தைக்கும் அது புலிதான். ஆட்டிசத்தின் அறிகுறி உண்டா என்று 16 முதல் 30 மாதக் குழந்தைகளைப் பார்ப்பதற்கு எம்-சாட் என்று ஒரு கேள்வித்தாள் இருக்கிறது, இருபது கேள்வி. முதல் கேள்வியே, அறையின் அந்தப் பக்கம் இருக்கும் ஒன்றை நீங்கள் சுட்டிக்காட்டினால் உங்கள் குழந்தை அதைப் பார்க்கிறதா என்பதுதான். பின்னால் இன்னொன்று: உங்களுக்குக் காட்டவேண்டும் என்பதற்காகவே குழந்தை ஒரு விரலால் எதையாவது சுட்டுகிறதா?

பெரியாழ்வார் பாட்டில் கண்ணன் இரண்டாவதையும் செய்கிறான். நிலாவைத் தன் சிறுக்கைகளால் "காட்டிக் காட்டி அழைக்கின்றான்". அந்தக் 'காட்டிக் காட்டி'யை எத்தனையோ முறை படித்திருக்கிறேன், அடுக்குத்தொடர் என்று குறித்துவைத்துவிட்டுப் போயிருக்கிறேன். பின்னாளில் அந்தக் கேள்வித்தாளைப் பார்த்த பிறகுதான், ஒரு தாய் எதைப் பார்த்துப் பூரித்துப்போனாள் என்று புரிந்தது.

என் அம்மா தம்பியை மொட்டைமாடிக்குத் தூக்கிப்போய் நிலாவைக் காட்டுவாள். அவன் அம்மாவின் விரல்நுனியைப் பார்ப்பான். விரலைப் பிடித்து நக்கிப் பார்ப்பான். சாம தான பேத தண்டம் நான்கையும் அம்மா பயன்படுத்தினாள், நிலாவின்மேல் இல்லை, தம்பியின்மேல்.

12 பிப்ரவரி

நேற்று எழுதியதில் கசப்பு கூடிவிட்டது. மறுபடி படித்தபோது வேறொன்று தெரிந்தது. ராக்லனின் ஒன்பதாவது அம்சத்துக்குப் பிள்ளைத்தமிழ் நேர் எதிர். கடவுளைக் குழந்தையாக்கினால் அற்புதங்களை அடுக்கலாம், அதற்குப் புராணம் இருக்கிறது. இந்த இலக்கியமோ தவழ்வதையும் தட்டுவதையும் தளர்நடை நடப்பதையும் உட்கார்ந்து பார்க்கிறது. மதுரையை ஆளப்போகிறவளானாலும் ஒன்பதாம் மாதம் கை தட்டியாகவேண்டும். அந்தக் கை தட்டலுக்குப் பத்துப் பாட்டு.

அதை எழுதியவர் யார் என்பதையும் பாருங்கள். குமரகுருபரர் ஐந்து வயதுவரை பேசவில்லை. பெற்றோர் திருச்செந்தூருக்குக் கொண்டுபோனார்கள், முருகன் அருளால் பேச்சு வந்தது, கந்தர் கலிவெண்பா பாடினார் என்பது அவருடைய வரலாறு. பதினேழாம் நூற்றாண்டு. பருவம் தப்பிய பிள்ளை வளர்ந்து, பருவங்களைப் பாடும் இலக்கியத்தில் ஒன்றுக்கு இரண்டாகப் பாடியிருக்கிறார்: மீனாட்சிக்கு ஒன்று, முத்துக்குமாரசுவாமிக்கு ஒன்று.

இந்த வரலாற்றை எங்கள் அம்மாவிடம் சொன்னவர்களை நான் எண்ணிக்கொண்டு வந்தேன். இருபதில் நிறுத்திவிட்டேன். எல்லாரும் நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள். ஒரு மருத்துவர்கூட, சில பிள்ளைகள் மெதுவாகப் பேசும், ஐந்து வயதுவரை பொறுங்கள் என்றார். பொறுத்தோம். அந்த மூன்று வருடத்தில் பயிற்சி கொடுத்திருந்தால் பேசியிருப்பானா என்று அம்மா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாள். பேசாமலே போயிருக்கலாம். ஆனால் வேண்டியதை வேறு வழியில் கேட்கச் சீக்கிரமே கற்றிருப்பான்.

13 பிப்ரவரி

முள்ளெலிப் பையன் கதையைப் பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், அதுவும் கிரிம் தொகுப்பில் உள்ளதுதான். முள்ளெலியாக இருந்தாலும் பரவாயில்லை, பிள்ளை வேண்டும் என்று அப்பன் சொல்லிவிட, மேல்பாதி முள்ளெலியாகப் பிறக்கிறது. எட்டு வருடம் அடுப்புக்குப் பின்னால் வைக்கோலில் கிடக்கிறது. செத்துத் தொலைந்தால் தேவலை என்று அப்பன் நினைப்பதை மூடிமறைக்காமல் சொல்கிறது கதை. பையன் ஒரு குழலிசைக் கருவி கேட்கிறான், சேவலுக்கு லாடம் கேட்கிறான், அதில் ஏறிக் காட்டுக்குப் போய்விடுகிறான். மரத்தின்மேல் உட்கார்ந்து ஊதிக்கொண்டே மந்தை வளர்க்கிறான். அந்தக் காட்டுப் பகுதிக்காகவே படிக்கலாம். கடைசியில் தோலை எரித்து ஆளை வெளுப்பாக்கிவிடுகிறார்கள். சமங்கா நதி மறுபடியும்.

17 பிப்ரவரி

"எல்லாக் கதையும் குழந்தையைச் சரிசெய்துவிட்டுத்தான் முடிகிறதா? ஒன்றுகூட விதிவிலக்கு இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒன்று இருக்கிறது என்று நினைக்கிறேன். நம்மாழ்வார்.

பிறந்தபோது அழவில்லை, பால் குடிக்கவில்லை, கண் திறக்கவில்லை. பெற்றோர் காரியும் உடையநங்கையும் திருக்குருகூர்க் கோயிலில் கொண்டுவந்து விட, பிள்ளை புளியமரத்தடியில் போய் அமர்ந்துகொள்கிறது. பதினாறு வருடம் பேச்சில்லை. வடக்கே எங்கோ இருந்த மதுரகவி ஓர் ஒளியைத் தொடர்ந்து அங்கே வந்து சேர்கிறார். முதலில் அவர் என்ன செய்கிறார்? காது கேட்கிறதா என்று பார்க்க ஒரு கல்லை எடுத்துப் போடுகிறார்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டேன். எங்கள் வீட்டில் அது பித்தளைப் பாத்திரம். தம்பியின் முதுகுக்குப் பின்னால் அப்பா போடுவார். திரும்ப மாட்டான். ஆனால் அடுத்த அறையில் காகிதம் கிழித்தால் ஓடிவருவான். கேட்கிறதா இல்லையா என்று இரண்டு வருடம் வாக்குவாதம் நடந்தது.

ஆழ்வார் கண் திறந்தார். அப்போது மதுரகவி கேட்ட கேள்வி எல்லாருக்கும் தெரிந்ததுதான்: "செத்ததின் வயிற்றில் சிறியது பிறந்தால் எத்தைத் தின்று எங்கே கிடக்கும்?" பதில்: "அத்தைத் தின்று அங்கே கிடக்கும்." தத்துவ விளக்கம் சொல்லப் பெரியவர்கள் இருக்கிறார்கள். நான் கவனிப்பது அந்தக் கேள்வியை. ஏன் பேசவில்லை, பெயர் என்ன, அம்மா எங்கே என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. இந்தப் பிள்ளை எதைப் பற்றி இத்தனை வருடம் யோசித்துக்கொண்டிருக்குமோ அதைக் கேட்டார். பதில் வந்தது. பதிலும் நாலே சொல். மரத்தடியைவிட்டு ஆழ்வார் எழுந்து வரவில்லை, வந்தவர்தான் அங்கேயே தங்கினார். வேறு தெய்வம் அறியேன் என்று அவருக்காகவே பதினொரு பாசுரம் பாடினார்.

18 பிப்ரவரி

கோபமாக ஒருவர்: ஆழ்வார் அவதாரம், அவருக்கு நோய்ப்பெயர் ஒட்டாதீர்கள்.

ஒட்டவில்லை, ஒட்டவும் மாட்டேன். நான் பேசுவது மதுரகவியைப் பற்றி.

18 பிப்ரவரி, இரவு

ஆனால் நேற்று எழுதியதில் ஓட்டை இருக்கிறது, நானே சொல்லிவிடுகிறேன். ஆழ்வாரும் பேசிவிட்டாரே. ஆயிரத்துக்கு மேல் பாசுரம் பாடினாரே. ஒரு சொல்லும் பேசாமல் பதினாறு வருடத்துக்குப் பிறகு இன்னொரு பதினாறும் உட்கார்ந்திருந்தால் யார் கதை எழுதியிருப்பார்கள்? ஆக இதுவும் விதிவிலக்கு இல்லை. பாதி விதிவிலக்கு.

24 பிப்ரவரி

கதை இல்லாத ஒருவனைப் பற்றிச் சொல்லலாம் என்று தோன்றியது. பிரான்சில் அவேரோன் காட்டுப் பகுதியில் தனியாகத் திரிந்து 1800இல் மனிதர்களிடம் வந்து சேர்ந்த பையன், விக்தோர். இதார் என்ற இளம் மருத்துவர் ஐந்து வருடம்போல அவனுக்குப் பேச்சு கற்பிக்க முயன்றார். சில சொற்களுக்கு மேல் வரவில்லை. இதார் எழுதிய இரண்டு அறிக்கைகளும் புகழ்பெற்றவை, சிறப்புக் கல்வியின் தொடக்கம் என்று அவற்றைச் சொல்வார்கள். பிறகு அவர் விலகிக்கொண்டார். அவனைப் பற்றிய எழுத்தும் ஏறக்குறைய அங்கேயே நின்றுவிட்டது.

விக்தோர் இறந்தது 1828இல். அதுவரை அவனை வைத்துப் பார்த்துக்கொண்டவர் மதாம் கெரென், ஆரம்பத்திலிருந்தே அவனுக்குச் சமைத்துப்போட்டு உடன் இருந்த பெண்மணி. இருபது வருடத்துக்கு மேல். அவர் ஒன்றும் எழுதிவைக்கவில்லை. ராதை, யசோதை, மேய்ப்பன் மனைவி என்று நான் எழுதிக்கொண்டே வந்தபோது மனதில் இருந்தது இவராகத்தான் இருக்கவேண்டும்.

1 மார்ச்

முதல் கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லையாம், நல்லது. "சரி, உங்கள் தம்பிக்குப் பிடித்த கதை எது?" என்று கேட்கிறார்.

அவன் கதை கேட்பதில்லை. நான் வாசித்தால் எழுந்து போய்விடுவான். ஆனால் பக்கம் புரளும் சத்தம் பிடிக்கும். அதுவும் மெல்லிய தாளாக இருக்கவேண்டும். அதனால் பெரிய அகராதியைத்தான் தூக்கிவருவான். பக்கத்தில் உட்கார்ந்து, என் மணிக்கட்டைப் பிடித்துப் பக்கத்தின் ஓரத்தில் வைப்பான். நான் புரட்டவேண்டும். வேகமாகப் புரட்டினால் கையைத் தள்ளிவிடுவான், இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டினாலும் கண்டுபிடித்துவிடுவான். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது பக்கம். போகிறபோக்கில் நானும் ஒன்றிரண்டு சொல் பார்த்துக்கொள்வேன். 'ப' வரிசை நேற்று முடிந்தது.